சுவரில் நடந்த பின்னல்

என் வீட்டுச் சுவர் நடந்து போகிறது என்று கொத்தனாருக்குப் போன் போட்டவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான் விட்டுவிட்டால், சொல்வதற்கு ஆம்பூரில் ஆளா இல்லை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச் முடிந்து வந்து, பிரியாணியை இரண்டு பிடி அதிகமாகவே பிடித்துவிட்டு, பனியனோடு கட்டிலில் சாய்ந்திருந்தேன். மனைவி சுகந்தி பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். கரண்ட் இல்லை. மின்விசிறி நின்றுபோன வீட்டில் நம் மூச்சே வேறு யாருடையதோ போலக் கேட்கும்.

எதிர்ச் சுவரில் ஒரு சிமெண்ட் பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளரி விதை அளவு. வடிவமும் அதுவே: நடுவில் அகலம், இரண்டு முனையும் ஒடுக்கம், தட்டை. பூச்சு உதிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அது ஒரு நூல் அளவு மேலே ஏறியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டேன். பழியைப் பிரியாணி மேல் போட்டேன். மறுபடி பார்த்தபோது அது நின்றுவிட்டிருந்தது. நான் பார்ப்பது தெரிந்து நின்றது போல.

பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன. ஒன்று ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே. ஒன்று காலண்டருக்குப் பக்கத்தில். இன்னும் நாலைந்து, தரைக்கு அருகில். எல்லாம் என் கட்டிலுக்கு அடியிலிருந்து கிளம்பி, சுவர் ஏறி, மேலே போகிற வரிசையில் இருந்தன.

போனை எடுத்தேன். இரண்டு வருடம் முன்னால் அந்த அறைக்குப் பூச்சு வேலை செய்த கொத்தனார் குமார்தான் எனக்கு நினைவுக்கு வந்த ஒரே நிபுணர்.

“குமாரு, நீ பூசின செவுரு உதிருதுப்பா.”

“உதிர்ந்தா கீழ விழும் சார். கூட்டி வாரி வெளிய போடுங்க.”

“கீழ விழல. மேல போவுது.”



“எங்க போய் நிக்குதுன்னு பார்த்துட்டு சொல்லுங்க சார். நான் நேரா அங்கயே வந்துர்றேன்.”

இரண்டு வாசல் வீடு

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் என் ஸ்கூட்டர் என்னைத் தனியாக விட்டுவிட்டு உருண்டு போன கதையைப் படித்த ஒரு வாசகர், ‘உங்களுக்கு உருப்படியாக எதுவுமே நடக்காதா சார்?’ என்று கேட்டிருந்தார். நடக்கும் சார். ஆனால் அதை நடத்துகிற ஆளும் நான்தானே.

தெரியாதவர்களுக்காக என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கிறவன் நான். பதனிட்டுச் சாயம் போட்ட தோல் மேசைக்கு வரும். வெளிச்சத்தில் விரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று பிரிப்பேன். ஆடு உயிரோடு இருந்த காலத்தில் முள் கீறியிருந்தால் அந்தத் தழும்பு என் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு கறுப்பைப் பக்கத்தில் வைத்தால், எதில் நீலம் ஓடுகிறது, எதில் பழுப்பு ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். என் கண்ணைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதைக்கு அது தேவைப்படும்.

அந்த லென்ஸை எடுத்துக்கொண்டு சுவரண்டை போனேன். பொருக்கு ஒன்றைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்தேன்.

அது கூடு. பாலாற்று மணலில் பொடிப்பொடியான பரல்கள், ஒட்டடை, தூசு, இன்னதென்று தெரியாத நார்கள் எல்லாவற்றையும் பட்டு நூலால் சேர்த்துக் கட்டிய கூடு. சற்று நேரம் கழித்து ஒரு முனை பிளந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு தலை வந்தது. கொசுறு மாதிரி ஆறு கால். அதற்குப் பின்னால் வேகவைத்த சேமியா நிறத்தில் கொஞ்சம் உடம்பு. அந்தத் தலை என் கைரேகையை இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தது. பிடிக்கவில்லை போல. உள்ளே இழுத்துக்கொண்டது.

அடுத்த நிமிஷம் அதே தலை எதிர் முனையிலிருந்து வந்தது.

இரண்டு புழுவா? இல்லை. ஒன்றுதான். அந்த ஒடுக்கமான வீட்டுக்குள்ளேயே மடிந்து திரும்பி, பின்வாசல் வழியாக என்னைப் பார்க்கிறது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். குளியலறை மூலையில், பீரோவின் பின்பக்கம், ஒட்டடைக் கம்பு எட்டாத இடத்தில் தொங்கும். அந்துப்பூச்சி வகையில் ஒன்று. முட்டை கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் இருக்கும். பொரிந்து வந்ததும் புழு செய்கிற முதல் வேலை சாப்பாடு தேடுவது அல்ல, வீடு கட்டுவது. அப்புறம் வீட்டை இழுத்துக்கொண்டே அலையும். செத்த சிலந்தியின் வலை, கம்பளி, இறகு, நகத்துணுக்கு, நம் உடம்பிலிருந்து உதிர்வது எதுவானாலும் சரி. உயிரோடு இருக்கும் எதையும் அது தொடாது. உயிர் விட்டுவிட்டுப் போனதைத்தான் தின்னும்.

ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணியைக் கட்டி, ஜன்னல் மேடையில் வைத்தேன். சுகந்தி வந்து பார்த்தாள்.

“இன்னாங்க இது?”

“செவுரு.”

அவள் பையை மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னோடு முப்பது வருடத்துக்கு அருகில் குடும்பம் நடத்தியவள். எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்டால் பேஜார் என்று அவளுக்குத் தெரியும்.

மூச்சு விட்ட குவியல்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய தோல் மண்டியில் என்னைப் போட்டிருந்தார்கள். என்னோடு அதே நாளில் சேர்ந்தவன் இசாக். இன்றைக்கும் என் தோஸ்த். அந்த மண்டியில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை வழித்தெடுப்பார்கள். வழித்த ஆட்டு முடியைக் கிடங்கின் ஓர் ஓரத்தில் உலர்த்திக் குவித்து வைத்திருந்தார்கள். ஆள் உயரக் குவியல்.

ஒரு நாள் ஏதோ எடுக்க உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். காற்றே இல்லாத கிடங்கு அது. குவியல் மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தது. தூங்குகிற ஒன்றின் விலா போல.

பின்னாலிருந்து இசாக் என் காதில் சொன்னான்: “டேய், ஆடு இன்னும் சாவலடா.”

நான் ஓடிய ஓட்டத்தில் செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. அதற்குள்ளே பூச்சி என்று தெரிந்தது பிறகு. அந்தச் செருப்பை நான் போய் எடுக்கவேயில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாட்டில் வைத்த சில நாட்களில் எனக்கு அந்த விலா மறுபடியும் ஞாபகம் வந்தது.

நடுவில் வெள்ளை, ஓரத்தில் கறுப்பு

சுவரில் புதிதாக ஏறியவை சிமெண்ட் நிறத்தில் இல்லை. நடுவில் வெண்ணெய் நிறம். இரண்டு ஓரமும் கறுப்பு.

பாட்டிலில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கு அதன் தையல் பிடிபட்டிருந்தது. புழு வளர வளர வீடு பற்றாது. அப்போது பக்கவாட்டில் கிழித்து, பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளும். நீளம் வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் ஒட்டுப் போடும். அதனால் நடுப்பகுதி குழந்தைப் பருவத்தில் கட்டியது. முனைகள் நேற்றுக் கட்டியவை. எதைத் தின்கிறதோ அதிலிருந்தே கட்டும். அதாவது, கூட்டைப் பார்த்தால் அது எங்கே பிறந்தது, இப்போது எங்கே சாப்பிடுகிறது என்று படித்துவிடலாம்.

லென்ஸை வைத்தேன். நடுவில் இருந்த வெண்ணெய் நிறம் சுருள் சுருளாக இருந்தது. ஆட்டுக் கம்பளி. சந்தேகமே இல்லை. ஓரத்துக் கறுப்பு நேராக, வழவழவென்று, வரிசையாகப் படிந்திருந்தது. ஆட்டு முடியை எனக்குத் தெரியும். மாட்டு முடியைத் தெரியும். இது இரண்டும் இல்லை.

மனுஷ முடி.

கறுப்புக்கு ஊடே அங்கங்கே வெள்ளை இழையும் ஓடியது. கம்பளியில் மிச்சம் என்று அதை ஒதுக்கிவிட்டு, லென்ஸைக் கீழே வைத்தேன். என் கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டியில், மனுஷ முடி எது இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முந்தின வருடம் சுகந்திக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, வேலூரில் சிகிச்சை. கீமோ ஆரம்பித்தால் முடி கொட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அங்கேயே ஒரு நர்ஸ் விக் படமெல்லாம் காட்டினாள். சுகந்தி கையை ஆட்டிவிட்டாள்.

“யாருதோ முடி என் தலையில இன்னாத்துக்கு சிஸ்டர்? என்னுது இருக்குதே. நானே வெட்டி வச்சிக்கிறேன்.”

முதல் ஊசிக்குக் கிளம்புகிற காலை, வாசற்கதவைச் சாத்திவிட்டு, எங்கள் மகள் ரூபிதான் வெட்டினாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல். மேலே ஒரு ரப்பர் பேண்டு, கீழே கறுப்பு ரிப்பன். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். கத்தரிக்கோல் சத்தம் முடிகிற மாதிரியே இல்லை.

“ரூபி கல்யாணத்துக்கு இத சவுரியாக்கி வச்சிக்குவேன்,” என்றாள் சுகந்தி. “அதுவரைக்கும் நான் இருப்பேன். இது இருக்கணும். பத்திரமா வைங்க.”

அதுதான் அவள் என்னிடம் ஒப்படைத்த ஒரே வேலை.

நான் யோசித்தேன். உலகத்திலேயே மெத்தென்ற பொருள் எது? எங்கள் கம்பெனியில் பனி தேசங்களுக்கு பூட்ஸ் செய்வோம். உள்ளே வைத்துத் தைப்பது, ரோமம் போகாமல் பதனிட்ட செம்மறித் தோல். சித்திரை வெயிலில், பனியை ஆயுளில் பார்க்காத பெண்கள், வியர்வை சொட்டச் சொட்ட அதைத் தைப்பார்கள். அதில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒரு மூட்டை, கிடங்கில் வெகு நாளாகக் கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வந்து வைத்திருந்த ஒரு பெரிய துண்டில் பின்னலைச் சுற்றினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் சுற்றினேன். திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அந்துருண்டை போடலாமா என்று கேட்டேன். அந்த நாட்களில் எந்த நெடியும் அவளுக்கு ஆகாது. வேண்டாம் என்றுவிட்டாள்.

தோல் தொழிலில் ஊறிய ஒருவனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. மற்ற மனிதர்கள் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருப்பார்கள். பின்னலும் பிழைத்திருக்கும்.

பெட்டியைத் திறந்தேன்

சுகந்தி பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு பெட்டியை இழுத்தேன். குணமாகி, பழையபடி நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்தாள். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள்.

கம்பளித் துண்டு சல்லடையாக இருந்தது. ரோமம் போய், வெறும் தோல்தான் மிச்சம். பிரித்தேன். உள்ளே பின்னல், பின்னல் வடிவத்திலேயே, மூன்று பிரியும் தெரிய, முழுசாகப் படுத்திருந்தது. ஒரு கணம், ‘ஆண்டவரே, ஸ்தோத்திரம்’ என்றேன்.

அது மூச்சு விட்டது.

மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. தலைமாட்டில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை. நான் விரலால் தொட்டேன். தொட்ட இடம் அப்படியே உள்ளே போனது, சாம்பிராணிச் சாம்பலைத் தொட்ட மாதிரி. பட்டு நூல்தான் அதைப் பின்னலாகப் பிடித்துக்கொண்டிருந்தது. முடியின் இடத்தில் கறுப்பு மணல் போல ஒன்று கொட்டியது. புழு எந்த நிறத்தைத் தின்கிறதோ, அதே நிறத்தில்தான் எச்சமும் போடும். உள்ளேயிருந்து கறுப்பு வெள்ளரி விதைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

ரப்பர் பேண்டும் ரிப்பனும் மட்டும் அப்படியே இருந்தன. அவற்றை அவை விரும்பவில்லை.

எரிக்க மனம் வரவில்லை. முடி எரிகிற நாற்றம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், நாலு வீடு விசாரிக்க வரும். பின்பக்கம் முருங்கை மரத்தடியில் ஒரு குழி பறித்து, துண்டோடு புதைத்தேன். புதைத்த பிறகு சும்மா திரும்பவும் முடியவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒரு சின்ன ஜெபம் சொன்னேன். உயிரோடு இருக்கிற மனைவியின் ஒரு பகுதிக்கு அடக்க ஆராதனை நடத்திய ஆள், வேலூர்ப் பக்கம் அநேகமாக நான் ஒருவன்தான்.

ரப்பர் பேண்டையும் ரிப்பனையும் கழுவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் தரம்

லெந்து என்கிற நோன்பு நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஈஸ்டர் கழிந்ததும் ரூபிக்குக் கல்யாணம். இசாக்கிடம் மட்டும் சொன்னேன்.

“நேரா போய் சொல்லிடுடா,” என்றான்.

“சொல்லிடலாம். அப்புறம் அவ மூஞ்ச யாரு பார்க்கிறது? நீ பார்க்கிறியா?”

“அப்ப இன்னா பண்ணப் போற?”

“மேட்ச் பண்ணப் போறேன்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை. ஆனாலும் கூட வந்தான். வேலூரில், கோயில்களில் மொட்டை போட்ட முடியை வாங்கிச் சவுரி செய்கிற ஒரு கடை. மாடியில் ஓர் அறை. சுவர் முழுக்க ஆணி, ஆணிதோறும் பின்னல். முகமில்லாத பெண்கள் எல்லோரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. ஜன்னல் காற்றில் எல்லாப் பின்னலும் ஒரே சமயத்தில் கொஞ்சம் திரும்பின.

இசாக் என் முழங்கையைப் பிடித்தான். “சீக்கிரம் வாங்குடா. யாராவது திரும்பிப் பார்த்துடப் போறாங்க.”

கடைக்காரர் இரண்டு பின்னலை எடுத்துப் போட்டார். “அம்மாவுக்கு வயசு இன்னா சார்? இது நேச்சுரல், கொஞ்சம் கலந்து வரும். இது சுத்தக் கறுப்பு.”

முதலாவதை வெளிச்சத்தில் பிடித்தேன். நிறம் ஒரே சீராக இல்லை. இரண்டாம் தரம் என்று தள்ளிவைத்தேன். மற்றதை விரித்தேன். நீலம் ஓடாத, பழுப்பு ஓடாத கறுப்பு. வேரிலிருந்து நுனி வரை ஒரே ஷேடு. மேசையில் தோலைத் தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டி, “பாஸ்,” என்றேன்.

ஏனென்றால் எனக்குத் தெரியும். என் மனைவியின் முடி எப்படிப்பட்டது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வளர்ந்தது காது வரைக்கும்தான், அதுவும் சுருட்டையாக, சாம்பலும் வெள்ளையுமாக. சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்வேன்: “எல்லாம் மருந்து செஞ்ச வேலைங்க. முன்னாடி இன்னா கறுப்பு தெரியுமா? புதுசா போட்ட தார் ரோடு மாதிரி.” சுகந்தி பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

வீட்டில் அவள் எண்ணெயையே புதுப் பின்னலுக்குத் தடவினேன். அதே ரப்பர் பேண்டு, அதே ரிப்பன். வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அன்றிரவு கட்டிலில் படுத்தபோது, எங்களுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு பெண் படுத்திருப்பதுபோல இருந்தது.

வாயில்லாத பூச்சி

கம்பளியும் முடியுமாகச் சுவர் ஏறியவற்றையும் பிடித்துப் பாட்டிலில் போட்டிருந்தேன். அவை ஒவ்வொன்றாக அலைவதை நிறுத்தின. மேல் துணியில் ஒரு முனையை ஒட்டிக்கொண்டு தொங்கின. வாசல் சாத்தப்பட்டது. உள்ளே என்ன நடந்ததோ. ஒரு காலை பார்த்தால், கூட்டின் முனையில் மெல்லிய தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அவசரத்தில் கழற்றிப்போட்ட சட்டை போல. பக்கத்தில் பூச்சி.

எவ்வளவு சின்னது! அரிசியை விடக் கொஞ்சம் பெரிது. சாம்பல் நிறம், இறக்கையில் மங்கலாகச் சில புள்ளிகள். பின் இறக்கையின் ஓரம் முழுக்க நீளமான, நேர்த்தியான மயிர்க் குஞ்சம். தலையிலும் ஒரு சிலும்பல். மற்ற பூச்சிகள் விளக்கைத் தேடி ஓடும். இது விளக்கைப் போட்டால் மூலைக்கு ஓடியது. பறப்பதைவிட ஓடுவதுதான் ஜாஸ்தி.

ரூபி போனில் தேடிப் படித்துச் சொன்னாள். “டாடி, இதுக்கு சாப்புட வாயே கிடையாதாம். புழுவா இருந்தப்போ தின்னதை வச்சே கடைசி வரைக்கும் ஓட்டுமாம். முட்டை போடும், செத்துடும். அவ்ளோதான்.”

அவளுக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இறக்கை, அந்தப் புள்ளி, அந்தக் குஞ்சம் எல்லாம் எதனால் ஆனவை? கம்பளி கொஞ்சம். மீதி, அத்தனை வருடம் என் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த பின்னல்.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபம். சுகந்தி கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். அது எப்போதும் உள்ள பழக்கம், அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். சுவரிலிருந்து ஒரு பூச்சி இறங்கியது. ஓடியது, நின்றது, ஒரு தத்தல். அவள் தலையில் உட்கார்ந்தது.

அது நெற்றியோரம் ஒரு நூல் தூரம் நடந்தது. சாம்பல் முடிக்குள் தலையை நுழைத்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் கண்ணால் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. எது பூச்சி, எது முடி? ஷேடு அப்படி ஒத்துப்போயிற்று.

“ஆமென்,” என்றாள் சுகந்தி. “இன்னாங்க அப்டி பார்க்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல. முடி நல்லா வருது.”

ஜன்னல் வெளிச்சம்

கல்யாணத்துக்கு முந்தின வாரம். சவுரி கட்டுகிற பெண்ணிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சுகந்தி காலையிலேயே சொல்லிவிட்டாள். “பெட்டியை இழுங்க.”

இழுத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் துணியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

“கம்பளில இல்ல சுத்தி வச்சீங்க?”

“அது... பழசாயிட்டுச்சி. கிழிஞ்சிபோச்சி. நான்தான் மாத்தினேன்.”

அவள் பிரித்தாள். பின்னல் அவள் மடியில் சுருண்டு படுத்திருந்தது. தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ரிப்பனை மட்டும் விரலால் தடவினாள். ரிப்பன் அவளுடையதுதானே. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

எடுத்துக்கொண்டு ஜன்னலண்டை போனாள். வெளிச்சத்தில் பிடித்தாள். அசப்பில் நான் தோல் பார்க்கிற மாதிரியே நின்றாள்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கு அது வராது.

“எப்டி இருக்குது பாரு! அன்னிக்கு வெட்டின மாதிரியே. ஒரு இழை போவல. நான் எவ்ளோ பத்திரமா... தார் ரோடு மாதிரி...”

ஜன்னல் சட்டத்திலிருந்து ஒரு பூச்சி தத்திப் பின்னல் மேல் விழுந்தது. அந்தக் கறுப்பில் அது பளிச்சென்று தெரிந்தது. சாம்பல் நிறத்தில், வெள்ளைக் குஞ்சத்தோடு, ஒளிய இடமில்லாமல், பிரி பிரியாகத் தாண்டி ஓடியது. அவள் விரலை நீட்டினாள். அது விரலில் ஏறிக்கொண்டது.

சுகந்தி அதைப் பார்த்தாள். பின்னலைப் பார்த்தாள். கடைசியாக, முதல் தரம் எது, இரண்டாம் தரம் எது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற என் முகத்தைப் பார்த்தாள்.

“என் பின்னல்ல நரை இருந்துச்சிங்க.”